நானோவைத் தாண்டிப் போனவர்கள்: குறைந்த பட்ஜெட்டில் கார் தேடுவோருக்காக ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஏப்ரல் 9 முதல் 25 வரைதான் டாடா நானோவுக்கு முன்பதிவு நடந்தது. விண்ணப்பப் படிவத்தின் விலை 300 ரூபாய். அடிப்படை மாடலுக்கே 95,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். அப்படியும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் பணம் கட்டினார்கள். சுமார் 2,500 கோடி ரூபாய் சேர்ந்தது. எல்லோருக்கும் கொடுக்கக் கார் இல்லாததால், கணினிக் குலுக்கலில் முதல் ஒரு லட்சம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு நவம்பரில் அதே காரின் மாத விற்பனை 509. நாடு முழுவதற்கும் சேர்த்து.

இந்த வீழ்ச்சியைப் பற்றி நிர்வாகவியல் வகுப்புகளில் நிறையப் பேசிவிட்டார்கள். பெரும்பாலும் அது நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பேசப்படுகிறது: விளம்பரம் எங்கே சறுக்கியது, தொழிற்சாலை ஏன் இடம் மாறியது என்று. நான் பார்க்க விரும்புவது மறுபக்கத்தை. கையில் ஒன்றரை லட்சம் வைத்துக்கொண்டு முதல் கார் தேடிய ஒரு குடும்பம், நாட்டிலேயே விலை குறைந்த புதுக் காரை விட்டுவிட்டு ஏன் வேறு பக்கம் போனது? அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. புதிதா, செகண்ட் ஹேண்டா என்று இன்று குழம்புகிறவர்களுக்கு அதில் நேரடியாகப் பயன்படும் விஷயங்கள் இருக்கின்றன.

ஒரு லட்சம் என்ற எண்

2003-இல் ஜெனீவா கார் கண்காட்சியின்போது ரத்தன் டாடா சொன்ன எண் அது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் ஒரு குடும்பமே போவதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் பிறந்தது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரி 10 அன்று டெல்லி பிரகதி மைதானத்தில் கார் மேடையேறியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதாக அறிவித்து, விலை ஒரு லட்சம்தான் என்றார்.

ஆனால் அந்த ஒரு லட்சத்தில் வரியும் போக்குவரத்துச் செலவும் சேரவில்லை. 2009-இல் விற்பனைக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் விலை, அடிப்படை மாடலுக்குச் சுமார் 1,23,000 ரூபாய், ஏ.சி., பவர் விண்டோ எல்லாம் உள்ள எல்.எக்ஸ். மாடலுக்குச் சுமார் 1,72,000. அதற்கு மேல் சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ். இது டாடா நிறுவனம் மட்டும் செய்தது இல்லை, எல்லாக் கார் விளம்பரமும் இப்படித்தான். ஆனால் பட்ஜெட் சின்னதாக இருக்கும்போது இந்த இடைவெளி குத்தும். பத்து லட்ச ரூபாய்க் கார் வாங்குகிறவர் மேல்செலவை எப்படியாவது சமாளித்துவிடுவார். ஒரு லட்சத்துக்கு நகையை அடகு வைத்துத் தயாராக இருப்பவருக்கு அடுத்த முப்பதாயிரம் ஒரு புதுக் கடன்.

முன்பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் கேட்டது உச்ச மாடலான எல்.எக்ஸ்.-ஐ. அடிப்படை மாடலைக் கேட்டவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். இந்த நிகழ்வின் சாவி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விலை குறைவு என்பதற்காகவே வரிசையில் நின்ற கூட்டத்திலேயே, மிகக் குறைந்த விலை மாடலை விரும்பியவர்கள் சிறுபான்மை. ஏ.சி. இல்லாமல் மே மாத வெயிலில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் கார் யாருக்கு வேண்டும்? சரி, ஏ.சி. மாடலே வாங்கலாம் என்றால், ஆன்-ரோடு விலை இரண்டு லட்சத்தை நெருங்குகிறது. அந்த இடத்தில் நிற்பது மாருதி 800. புதிதாகவே எட்டிப்பிடிக்கும் தூரத்தில் வந்துவிடுகிறது. செகண்ட் ஹேண்டில் என்றால், சில வருடம் ஓடிய 800-ஓ ஆல்டோவோ வாங்கிவிட்டு மிச்சப் பணத்தை இன்சூரன்ஸுக்கும் டயருக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எதைக் குறைத்தார்கள், வாங்க வந்தவர் எதைக் கண்டார்

பொறியியலாகப் பார்த்தால் நானோ மிக அருமையான வேலை. கிரீஷ் வாக் தலைமையிலான குழு ஒவ்வொரு பாகத்தையும், இது உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுக் குறைத்தது. 624 சி.சி. இரண்டு சிலிண்டர் எஞ்சினைப் பின்னால் வைத்து, பின்சக்கரங்களை ஓட்டவைத்தார்கள். அதனால் 3.1 மீட்டர் நீளத்துக்குள் நான்கு பெரியவர்கள் முழங்கால் இடிக்காமல் உட்கார முடிந்தது. எடை சுமார் 600 கிலோ. ஒரே வைப்பர். சக்கரத்துக்கு மூன்று போல்ட். வாகனங்களைச் சோதிக்கும் அராய் அமைப்பு சான்றளித்த மைலேஜ் லிட்டருக்கு 23.6 கி.மீ. உள்ளே ஏறி உட்கார்ந்தவர்கள் இடவசதியைப் பார்த்து வியந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஷோரூமில் காரைச் சுற்றிவரும் குடும்பம் பொறியியலைப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறது. டிக்கி கதவு திறக்காது. பெட்டி வைக்கப் பின்சீட்டைச் சாய்க்க வேண்டும். பெட்ரோல் மூடி பானெட்டுக்குள் இருப்பதால் பங்க்கில் ஒவ்வொரு தடவையும் இறங்கி பானெட்டைத் தூக்க வேண்டும். டேங்க் 15 லிட்டர். அடிப்படை மாடலில் ஓட்டுநர் பக்கம் மட்டும் கண்ணாடி. பவர் ஸ்டீயரிங் கிடையாது. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவுமே பெரிய குறையில்லை. சேர்த்துப் பார்க்கும்போதுதான், "நமக்கென்று மட்டமாகச் செய்தது" என்ற எண்ணம் வருகிறது. வாழ்நாளில் முதல் காரை வாசலில் நிறுத்தப்போகிற குடும்பத்துக்கு அந்த எண்ணம் வலிக்கும். உலகிலேயே மலிவான கார் என்ற பெயர் அந்த வலியைக் கூட்டியது. காரை அப்படி அடையாளப்படுத்தியது துரதிர்ஷ்டம் என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார்.

செகண்ட் ஹேண்ட் ஆல்டோவுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அது பழையதாக இருக்கலாம், பம்பரில் கீறல் இருக்கலாம். ஆனால் அது ஒரு முழுக் காராக வடிவமைக்கப்பட்டது.

தவறு செய்ய இடமில்லாதவர்

நான் இந்த ஆய்வில் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கைக்காசு குறைவாக உள்ளவர்தான் கார் வாங்குவதில் மிக மிக எச்சரிக்கையானவர். விலை மலிவாக இருந்தால் அவர் துணிந்து பரிசோதித்துப் பார்ப்பார் என்று நினைப்பது தலைகீழான கணிப்பு. பணம் உள்ளவர் ஒரு காரை வாங்கிப் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டு நகர்ந்துவிடுவார். ஐந்து வருடச் சேமிப்பைப் போடுகிறவர், நாலு பேர் ஓட்டிப் பார்த்துச் சொன்ன வண்டியைத்தான் நம்புவார்.

நானோ அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டிய நேரத்தில் அடுத்தடுத்து அடி விழுந்தது. மேற்கு வங்காளத்தின் சிங்கூரில் நிலம் எடுத்ததை எதிர்த்து மம்தா பானர்ஜி தலைமையில் போராட்டம் வலுக்க, 2008 அக்டோபர் 3 அன்று டாடா அங்கிருந்து விலகுவதாக அறிவித்தது. அந்த நிலம் எடுக்கப்பட்டதே செல்லாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து விவசாயிகளிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அவர்கள் பக்கத்து நியாயத்தை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. தொழிற்சாலை குஜராத்தின் சனந்துக்குப் போய், 2010 ஜூனில்தான் திறந்தது. அதுவரை பந்த்நகர் ஆலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்தார்கள். 2009 ஏப்ரலில் பணம் கட்டியவர்களில் பலர் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். காத்திருக்கும் நாளில் ஸ்கூல் பீஸ் வரும், மருத்துவச் செலவு வரும், பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய காரை விற்பதாகச் சொல்வார்.

அப்புறம் தீ. சில நானோக்கள் சாலையில் தீப்பிடித்த படங்கள் 2010-இல் தொலைக்காட்சிகளில் ஓடின. ஓடிக்கொண்டிருந்த மொத்தக் கார்களோடு ஒப்பிட்டால் அவை மிகச் சில. நிறுவனம் 2010 நவம்பரில், வெளியேற்றக் குழாய்ப் பகுதியிலும் மின் இணைப்பிலும் கூடுதல் பாதுகாப்பைக் கட்டணமின்றிப் பொருத்தித் தர முன்வந்தது. ஆனால் அதைத் திரும்பப் பெறுதல் என்று அறிவிக்கவில்லை. அந்த மாதக் கணக்குத்தான் 509. டிசம்பரில் நான்கு ஆண்டு அல்லது 60,000 கி.மீ. வாரண்டி, மாதம் 99 ரூபாய்க்குப் பராமரிப்புத் திட்டம் என்றெல்லாம் அறிவித்த பிறகு விற்பனை ஓரளவு எழுந்தது. 2011-12 நிதியாண்டின் 74,527 கார்கள்தான் நானோவின் உச்சம். சனந்த் ஆலையின் ஆண்டுத் திறன் 2,50,000. ஆல்டோவோ அந்தக் காலத்தில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றுக்கொண்டிருந்தது.

மாருதி 800 வெளிவந்தது 1983 டிசம்பரில். 2014 ஜனவரியில் தயாரிப்பு நிற்கும்வரை இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. 2000-இல் வந்த ஆல்டோவும் அதே 796 சி.சி. எஞ்சின் குடும்பம். கால் நூற்றாண்டாக அந்த எஞ்சினைக் கழற்றி மாட்டாத மெக்கானிக் நாட்டில் இருந்திருக்க மாட்டார். கிளட்ச் பிளேட் எந்தக் கடையிலும் கிடைக்கும். அவசரத்துக்கு விற்க வேண்டுமென்றால் மறுவாரமே ஆள் வரும். பின்னால் எஞ்சின் வைத்த இரண்டு சிலிண்டர் கார் இதில் எதையும் அன்றைக்கு உறுதி சொல்ல முடியாது. அதன் தரம் எப்படி என்பது வேறு கேள்வி. வாங்குகிறவருக்கு அன்று அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

கணக்கில் வராமல் போன ஒன்று

இதுவரை சொன்னதில் குடும்பத்தின் தீர்ப்பு சரி என்றே படுகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது, அதை யாருமே அன்று பார்க்கவில்லை.

2014 ஜனவரியில், கார்களின் மோதல் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டு முடிவை வெளியிட்டது. நானோ, ஆல்டோ 800, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம்.

பூஜ்யத்துக்குள்ளும் வித்தியாசம் இருந்தது. போலோவிலும் ஃபிகோவிலும் பயணிகள் உட்காரும் கூண்டு நிலைத்து நின்றது. மற்ற மூன்றில் நொறுங்கியது. ஏர்பேக் வைத்தாலும் பயன் குறைவு என்றார்கள். இரண்டு ஏர்பேக் உள்ள போலோவைச் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் வந்தது. ஆக, நானோவா ஆல்டோவா என்று விலையையும் மெக்கானிக்கையும் வைத்து மண்டையை உடைத்துக்கொண்ட குடும்பத்துக்கு, உயிர் விஷயத்தில் இரண்டுமே ஒரே நிலைதான். ஸ்கூட்டரில் நான்கு பேர் போவதைவிடக் கார் மேல் என்பது உண்மை. அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்று அதே கேள்வி

2009-இன் குடும்பத்துக்கு இல்லாத ஒரு வசதி இன்று தேடுகிறவருக்கு இருக்கிறது: சட்டம் போட்ட கோடு. 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களில், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்புற பார்க்கிங் சென்சார். அக்டோபர் முதல், விற்பனையில் இருந்த எல்லா மாடல்களும் மணிக்கு 56 கி.மீ. முன்மோதல் விதியைத் தாண்டியாக வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி. 2022 தொடக்கத்திலிருந்து முன்னால் உட்காரும் இன்னொருவருக்கும் ஏர்பேக்.

எனவே செகண்ட் ஹேண்டில் சின்னக் கார் பார்ப்பவர்களுக்கு என் முதல் கேள்வி, எத்தனை கி.மீ. ஓடியது என்பது இல்லை; எந்த மாதம், எந்த வருடம் தயாரானது என்பதுதான். அது பதிவுச் சான்றான ஆர்.சி.யிலேயே இருக்கும். 2018-இல் தயாரான காருக்கும் 2020-இல் தயாரான அதே பெயருள்ள காருக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும், முடிந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வாருங்கள். முடியாது என்றால் ஏர்பேக் உள்ள உயர் மாடலாகத் தேடுங்கள். முதல் உரிமையாளர் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியது செகண்ட் ஹேண்டில் பெரும்பாலும் சொற்பமான வித்தியாசத்தில் கிடைத்துவிடும். நானோ வரிசையில் நின்ற பாதிப் பேர் எல்.எக்ஸ். கேட்டதுபோல் எல்லோருக்கும் மேல் மாடல்தான் ஆசை. புதிதில் அந்த ஆசைக்கு முழு விலை, பழையதில் பாதி.

பழைய காரின் விலை எவ்வளவு நியாயம் என்பதற்கு இன்சூரன்ஸ் தேய்மான அட்டவணை ஒரு நல்ல பிடிமானம். ஒரு வருடம் முடியும்போது காரின் மதிப்பில் 15 சதவீதம் கழிக்கிறார்கள். இரண்டு முடியும்போது 20, மூன்றில் 30, நான்கில் 40, ஐந்தில் 50. சந்தை விலை அப்படியே இதைப் பின்பற்றாது, விரும்பப்படும் மாடல்கள் மெதுவாகவே இறங்கும். ஆனாலும் மூன்று வருடக் காருக்குப் புது விலையில் 85 சதவீதம் கேட்கிறவரிடம் எழுந்து வர இந்த அட்டவணை தைரியம் தரும்.

புதுக் காரின் பக்கமும் காற்று மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்து, கூடவே இருந்த செஸ் என்ற கூடுதல் வரியும் போயிற்று. அதே ஆண்டு ஆல்டோ கே10-இன் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் வந்தது. புதுக் காருக்கு வங்கி வட்டியும் பழையதைவிடப் பெரும்பாலும் குறைவு. எதிர்ப்பக்கம், புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்டியாக வேண்டும், சாலை வரி முழுதாக விழும். பழைய காரில் சாலை வரியை முதல் உரிமையாளர் கட்டிவிட்டார். வெளிமாநில வண்டி என்றால் மட்டும் அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), புதிதாகச் சாலை வரி என்று அலைச்சல் தொடங்கும். அந்த வண்டி எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் வரியைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

என் முடிவைக் கேட்டால்: ஒரே விலைக்குப் புதிய அடிப்படை மாடலும் மூன்று, நான்கு வருடம் ஓடிய ஒரு படி பெரிய காரும் நிற்கும்போது, அந்தப் பெரிய காரின் மோதல் சோதனை முடிவு நன்றாக இருந்து, சர்வீஸ் பதிவும் கையில் இருந்தால், நான் பழையதைத்தான் எடுக்கச் சொல்வேன். சர்வீஸ் பதிவு இல்லை என்றால் புதியது. நடுவில் வேறு கணக்கு வேண்டாம்.

காரைப் பார்க்கப் போகும்போது, முன்கூட்டி சூடேற்றி வைக்காத எஞ்சினை நாமே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம், அது தயாரான வாரமும் வருடமும். மீட்டர் 20,000 காட்டி, டயர் இரண்டாவது செட்டாக இருந்தால் கேள்வி கேளுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துப் பார்ப்பது எளிய சோதனை. சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும், கழுவுகிறவர்கள் மறந்துவிடுவார்கள். சீட் தண்டவாளத்தில் துருவும் அப்படியே.

காகித வேலையில் அலட்சியம் கூடாது, குறிப்பாக விற்பவர். ஆர்.சி.யில் பெயர் மாறாத வரை, விபத்து நடந்தால் பொறுப்பு பதிவில் உள்ளவருக்குத்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து; கடன் பாக்கி இருந்த வண்டி என்றால் கடன் தீர்ந்ததைப் பதிவு செய்யும் படிவம் 35-உம் வங்கியின் கடிதமும். அபராத பாக்கியை அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், அதற்கான வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டிவரும்.

நானோவையே இன்று வாங்கலாமா?

இதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2015-இல் ஜென்எக்ஸ் நானோ வந்தபோது டிக்கி கதவு திறந்தது, டேங்க் 24 லிட்டர் ஆனது, கிளட்ச் இல்லாத ஏ.எம்.டி. மாடலும் கிடைத்தது; பவர் ஸ்டீயரிங் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. 2009-இல் குடும்பங்கள் குறையாகக் கண்டவற்றில் பெரும்பாலானவை தீர்ந்திருந்தன. அதற்குள் வாங்க ஆளில்லை. 2018 ஜூனில் ஒரே ஒரு நானோ தயாரானது. ஏர்பேக் விதியும் பி.எஸ். 6 விதியும் வாசலில் நின்றபோது அதற்கு மேல் முதலீடு செய்ய நிறுவனத்துக்குக் காரணம் இல்லை.

ஊருக்குள் குறுகிய தெருக்களில், மெதுவான வேகத்தில், இரண்டாவது வண்டியாக ஓட்ட 2015-க்குப் பிந்தைய நானோ இன்றும் நன்றாக உழைக்கும். நெடுஞ்சாலைக்குக் குடும்பத்தோடு அதை எடுக்காதீர்கள். 2010-ஐ ஒட்டிய வண்டி என்றால் அந்தக் கூடுதல் பாதுகாப்பு வேலை நடந்ததா என்று சர்வீஸ் பதிவில் பாருங்கள். முன்சக்கர டயர் 135/70 ஆர்12, பின்சக்கரம் 155/65 ஆர்12. இரண்டு வேறு அளவு, இரண்டும் எல்லாக் கடையிலும் இருக்காது. விலை பேசுவதற்கு முன் உங்கள் பகுதி டயர் கடையில் விசாரித்துவிடுங்கள்.

முதல் வரிசை நானோக்களின் 15 ஆண்டுப் பதிவு 2024-இலிருந்து முடியத் தொடங்கிவிட்டது. புதுப்பித்தால் ஐந்து ஆண்டு கிடைக்கும். அதற்குத் தகுதிச் சோதனையில் வண்டி தேற வேண்டும். 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய், பசுமை வரி உள்ள மாநிலங்களில் அதுவும் சேரும். டெல்லி தலைநகர் வட்டாரத்தில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் காரை வாங்க நினைக்கவே வேண்டாம். மற்ற இடங்களில், புதுப்பித்த ஆர்.சி.யை விற்பவரே எடுத்துக் கையில் கொடுத்த பிறகு முன்பணம் கொடுங்கள்.